கார் கதவில் ஒரு கீறல்



எங்கள் ஊரில் கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை ஒன்று இருந்தது. என் அண்ணன் கல்யாணம் முடிந்த மறுநாள், அண்டா, தேக்சா, ஜோட்தவலை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி வண்டியில் ஏற்றிக்கொண்டு அம்மா போனாள். கூட நானும் போனேன். கடைக்காரர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "பெரிய அண்டாவிலே ஒரு சொட்டை விழுந்திருக்குங்க. பந்தியிலே பையன் கை தவறிப் போட்டுட்டான். என்ன ஆகுமோ சொல்லுங்க, கொடுத்துடறேன்" என்றாள். கடைக்காரர் சிரித்துவிட்டு, "தட்டி எடுத்துக்கலாம்மா, இருபது ரூபா கொடுங்க போதும்" என்றார்.

வழியெல்லாம் எனக்குக் கோபம். "அவர் பார்த்திருக்கவே மாட்டார். நீயா ஏன் சொன்னே?" என்று கேட்டேன். "நாமளா சொன்னா இருபது. அவரா கண்டுபிடிச்சா அம்பது. அதோட பேரும் போயிடும்" என்றாள் அம்மா. அந்தப் பாடத்தை நான் அன்றே மறந்துவிட்டேன். பல வருஷம் கழித்து, கடல் கடந்து போய், ஒரு காரை வைத்து மறுபடியும் படிக்க வேண்டியதாயிற்று.

2019-இல் என் தங்கைக்கு இரண்டாவது பிரசவம். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில், நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும் எடிசன் என்ற ஊரில் அவள் குடித்தனம். அம்மாவுக்கு முட்டி வலி. அத்தனை மணி நேரம் விமானத்தில் உட்கார முடியாது. "நீதான் போகணும்" என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். பத்தாவது போகிற பையனையும் அவன் அப்பாவையும் மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு, சுக்கு, திப்பிலி, பிரசவ லேகியம் சகிதம் கிளம்பினேன்.

பிரசவம் நல்லபடியாக ஆயிற்று. ஆண் குழந்தை. மூத்தவள் ஐந்து வயசுப் பெண். நாள் முழுக்க "பெரியம்மா, பெரியம்மா" என்று என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே திரிவாள்.

அவர்கள் வீட்டில் கருநீல நிறத்தில் ஒரு கார். அது சொந்தக் கார் என்றுதான் நினைத்திருந்தேன். "இல்லேக்கா, லீஸ்" என்றாள் தங்கை. நம்மூரில் லீசுக்கு வீடு என்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துக் குடியிருந்துவிட்டு, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வோம். அங்கே கார் லீஸ் அப்படி இல்லை. மூன்று வருஷத்தில் காரின் விலை எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டு, அந்த இறக்கத்தையும் வட்டியையும் மாதா மாதம் கட்ட வேண்டும். கார் கம்பெனிக்குத்தான் சொந்தம். 36 மாதம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அல்லது ஒப்பந்தத்தில் போட்டிருக்கிற விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். வருஷத்துக்கு இத்தனை மைல்தான் ஓட்டலாம் என்ற வரம்பும் உண்டு. பெரும்பாலும் 10,000 அல்லது 12,000 மைல். மிஞ்சினால் மைலுக்கு இத்தனை சென்ட் என்று அபராதம். இவர்கள் கார் 2016 செப்டம்பரில் எடுத்தது. ஆக, 2019 செப்டம்பரில் தவணை முடிகிறது.

இது எதுவும் தெரியாத ஒரு ஜூலை மாத மத்தியானம். தங்கை தூங்குகிறாள், மாப்பிள்ளை ஆபீஸில். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, பெரியவளையும் கூட்டிக்கொண்டு வாசலில் உலாத்தினேன். நடைபாதை விளிம்பில் வண்டிச் சக்கரம் மாட்டிக்கொண்டது. வேகமாக ஒரு இழுப்பு இழுத்தேன். வண்டியின் இரும்புக் கம்பி கார் கதவில் 'டங்'கென்று இடித்து, 'சர்'ரென்று இழுத்துக்கொண்டு போயிற்று.

பார்த்தால், பின்கதவில் ஒரு ஜாண் நீளத்துக்குக் கீறல்! அதன் முனையில் கட்டை விரல் பதிந்தாற்போல் ஒரு சொட்டை. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. தலைப்பால் துடைத்தேன், போகவில்லை. உள்ளே போய் என்ன செய்தேன் தெரியுமா? பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்து வந்து, சோப்பு போட்டுத் தேய்த்தேன்! நாற்பது வயசு தாண்டியவள், எத்தனையோ குக்கர்களைப் பளபளப்பாக்கியவள். கார் பெயின்ட்டுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு வார்னிஷ் பூச்சு உண்டு, நார் பட்டால் அது மங்கிவிடும் என்பது எனக்கு எங்கே தெரியும்? காய்ந்த பிறகு பார்த்தால் கீறல் அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாகப் பூத்துப் போயிருக்கிறது!

பெரியவள் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து அவளிடம் சொன்னேன்: "அம்மாகிட்டே சொல்லாதேடா கண்ணு."

சகோதரிகளே, கார்க் கதவில் விழுந்த கீறலைவிட அந்த ஒரு வார்த்தைதான் பின்னால் என்னை அறுத்தது.

பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. தவணை முடியப் போகிறது, காரைப் பரிசோதிக்க ஆள் அனுப்புகிறோம், கட்டணம் கிடையாது என்று. மாப்பிள்ளை காரைச் சுற்றி வந்து பார்த்தார். அன்று ராத்திரி அறைக்குள் குரல் உயர்ந்தது. "கடைக்குப் போனப்போ எங்கேயோ உரசியிருக்கே." "நான் எங்கே போனேன்? பிள்ளை பெத்து இன்னும் ஸ்டியரிங்கைத் தொடலையே! உங்க ஆபீஸ் பார்க்கிங்லே ஆகியிருக்கும்." அப்புறம் தங்கை அழும் சத்தம். இரண்டு பேருக்கும் தூக்கம் இல்லாத நாட்கள், புதுச் செலவுகள். பக்கத்து அறையில் நான் கல் மாதிரி படுத்திருந்தேன். "காலையிலே சொல்லிடலாம்" என்று நினைத்தேன். காலையில் வாய் வரவில்லை. இப்படியே மூன்று நாள்.

நாலாம் நாள் சோபாவுக்கு அடியில் பெருக்கும்போது, தங்கைக்குப் பிடித்த பீங்கான் கோப்பை இரண்டு துண்டாகக் கிடந்தது. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தது. பெரியவள் ஓடி வந்து என் காதில் சொன்னாள்: "அம்மாகிட்டே சொல்லாதே பெரியம்மா. நானும் காரைச் சொல்லலையே!"

துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டேன். அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனேன். மாப்பிள்ளையும் தங்கையும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். "மாப்பிள்ளை, காரை இடிச்சது நான்தான். நாரை வெச்சுத் தேய்ச்சதும் நான்தான். இவளை மறைக்கச் சொன்னதும் நான்தான்" என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அழுகை வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை. அப்புறம், "அக்கா, கீறல் போகட்டும். நாங்க ரெண்டு பேரும் மூணு நாளா ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டுட்டு இருந்தோமே" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பெரியவள் மெதுவாக, "அம்மா, கோப்பை..." என்று ஆரம்பித்தாள். தங்கை அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் பரிசோதகர் வந்தார். சட்டைப் பையிலிருந்து கிரெடிட் கார்டு அளவில் ஒரு அட்டையை எடுத்து, ஒவ்வொரு கீறல் மேலும் வைத்துப் பார்த்தார். அதற்குள் அடங்கினால் அது வழக்கமான தேய்மானம்; காசு கேட்பதில்லை. மிஞ்சினால் கணக்கில் ஏறும். பல கம்பெனிகளில் இதுதான் அளவாம். முன் பம்பரில் இருந்த இரண்டு சின்னக் கீறல்களை ஒதுக்கிவிட்டார். என் கைவண்ணம் மட்டும் ஏறிவிட்டது. கம்பெனி போட்ட மதிப்பு 460 டாலர்!

ஆனால் முன்கூட்டியே பரிசோதனை நடந்ததால் கையில் நாள் இருந்தது. வெளியில் ஒரு பட்டறையில் காட்டினார் மாப்பிள்ளை. சொட்டையைப் பெயின்ட் கெடாமல் உள்பக்கத்திலிருந்து கம்பியால் நெம்பி எடுத்துவிட்டார்கள். கதவுக்கு மட்டும் புதுப் பூச்சு. மொத்தம் 280 டாலர். "நார் போடாம இருந்திருந்தா பாதிச் செலவோட முடிஞ்சிருக்கும்" என்றாராம் பட்டறைக்காரர். இன்சூரன்ஸில் கேட்கலாமே என்றேன். அவர்கள் பாலிசியில் முதல் 500 டாலர் நாம்தான் போட வேண்டுமாம், அதனால் பிரயோஜனமில்லை.

சாமான் வாங்க எங்க வீட்டுக்காரர் மாற்றிக் கொடுத்த டாலரை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினேன். "வேண்டாம்க்கா" என்றார். "வாங்கிக்காட்டி எனக்குத் தூக்கம் வராது" என்றேன். பாதி, 140 மட்டும் வாங்கிக்கொண்டார். மன்னித்ததைவிட, அந்தப் பாதியை வாங்கிக்கொண்டதுதான் என் பாரத்தை இறக்கியது.

இத்தனை பட்டதில் தெரிந்துகொண்டவற்றை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மகளோ தங்கையோ அமெரிக்காவில் இருந்தால் அவர்களுக்கு உதவும்.

1. தவணை முடிய இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். எது வழக்கமான தேய்மானம், எது சேதம் என்பதற்கு அவர்கள் வைக்கும் அளவு நியாயமாக இருக்க வேண்டும் என்று அங்கே 1976-லேயே சட்டம் வந்திருக்கிறது. அளவைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

2. கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாமல் வழுக்கினால் மேல் பூச்சோடு நின்றது, பாலிஷில் போகலாம். நகம் மாட்டினால் ஆழம். பட்டறைக்குத்தான் போக வேண்டும். நார், சாம்பல், தேய்க்கும் பவுடர் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

3. டயரும் கணக்கு. இவர்கள் ஒப்பந்தத்தில் டயர் பள்ளம் 1/8 அங்குலமாவது இருக்க வேண்டும். 25 சென்ட் காசை வாஷிங்டன் தலை கீழாக இருக்கும்படி பள்ளத்தில் செருகுங்கள். தலை உச்சியைப் பள்ளம் எட்டினால் சரி.

4. இரண்டாவது சாவி! காணாமல் போனால் பெரிய தொகை பிடிப்பார்கள். எங்களுக்கு அது பூஜை அலமாரி டப்பாவில் கற்பூரத்தோடு கிடைத்தது.

5. குழந்தை உட்காரும் ஆசனத்தை முன்பே கழற்றி, அடியில் கிடக்கும் முறுக்குத் தூளையும் பால் கறையையும் சுத்தம் செய்யுங்கள். சுங்கச் சாவடி வில்லையை எடுத்துவிடுங்கள். காரில் பதிந்திருக்கும் போன் நம்பர்களை அழித்துவிடுங்கள்.

6. ஒப்படைக்கும் அன்று நாலு பக்கமும், மைல் மீட்டரையும் போட்டோ எடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்ட சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பட்டறை ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். சேதக் கணக்கு சில வாரம் கழித்துத் தபாலில் வரக்கூடும். அப்போது நம் பேச்சுக்கு அதுதான் சாட்சி.

நம்மூரிலும் இப்போது டிரைவர் இல்லாமல் காரை வாடகைக்கு எடுத்துக் குலதெய்வம் கோயிலுக்குப் போய் வருகிறோம். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தில் நம்பர் போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். வண்டியை எடுக்கும்போதே பழைய கீறல்களைக் காட்டிக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். போனில் வீடியோவும் எடுத்துவிடுங்கள். வாடகை வீட்டுக்கும் இதேதான்.

செப்டம்பரில் காரை ஒப்படைக்க நானும் கூடப் போனேன். கதவைத் தடவிப் பார்த்தேன். எது பழசு, எது புதுசு என்று தெரியவில்லை. கீறல் இல்லை, பாக்கி இல்லை என்று சீட்டு கொடுத்தார்கள். திருப்பித் தருவதற்கென்று ஒப்பந்தத்தில் இருந்த கட்டணத்தை மட்டும் கட்டினோம்.

பெரியவள் இன்று வளர்ந்துவிட்டாள். வீடியோ போனில் என்னைக் கூப்பிட்டால் சில நாள் இப்படித்தான் ஆரம்பிப்பாள்: "பெரியம்மா, இன்னிக்கு ஒரு தப்பு பண்ணிட்டேன். அம்மாகிட்டே முதல்லேயே சொல்லிட்டேன். இப்போ உன்கிட்டேயும் சொல்றேன்." நான் உடனே கேட்பேன்: "நாரை வெச்சுத் தேய்க்கலையே?"

இரண்டு பேரும் சிரிப்போம்.