மடிக்கணினியும் கைக்கணினியும்

கல்லூரி மாணவனுக்கு மடிக்கணினி வேண்டுமா, அன்றிக் கைக்கணினியே போதுமா என்னும் வினா இந்நாளில் நம் விடுதியிலும் வகுப்பிலும் ஓயாது எழுகின்றது. இது வீண் வாதமன்று. 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள் தமிழக அரசின் வரவு செலவுத் திட்டம் பேரவையிற் படிக்கப்பெற்றபோது, ஈராண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்க்கு அவரவர் விருப்பப்படி கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என நிதியமைச்சர் அறிவித்தார். அன்று தொட்டு, 'நீ எதனைக் கேட்பாய்?' என ஒருவரையொருவர் வினவாத மாணவர் இலர். பின்னர் ஒப்பந்தப்புள்ளி கோரப்பெற்றது மடிக்கணினிக்கே. 2026ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வழங்கப்பெற்றனவும் அவையே. தெரிந்துகொள்ளும் உரிமை நம் கையை விட்டு நீங்கிற்றே என நண்பர் சிலர் வருந்துகின்றனர். அவ்வருத்தத்தில் நியாயம் சிறிது உண்டு. ஆயினும், வீட்டிற்கு ஒரு கருவிதான் உண்டு என்னும் நிலையிலுள்ள மாணவனுக்கு அது மடிக்கணினியாய் இருத்தலே நன்று என்பது என் கருத்து.

இவ்வினா புதியதுமன்று. 2011ஆம் ஆண்டில், இருபது நாள் இடைவெளியில், நம் நாட்டில் இரண்டு செயல்கள் நிகழ்ந்தன. செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. அக்டோபர் 5ஆம் நாள் தில்லியில் நடுவணரசு 'ஆகாஷ்' என்னும் கைக்கணினியை வெளியிட்டது. மாணவர் கைக்கு 35 டாலர் அளவில் வந்து சேரும் என்று அதனை உலகம் வியந்து பேசிற்று. ஏழங்குலத் திரை, 256 மெகாபைட்டு நினைவகம், விரலால் அழுத்தினாலன்றி உணராத மேற்பரப்பு. பெயர் வானமாயினும் அதன் நடை தரையில் ஊர்வதாகவே இருந்தது. மடிக்கணினியோ நெடுநாள் உழைத்தது. அந்நாளிற் பெற்ற ஒன்று, மின்கலம் முற்றும் செத்த பின்னரும், சுவரிலிருந்து கம்பி இழுத்துப் பூட்டிய நிலையில், எங்கள் தெருவில் நெசவுக் கணக்கு எழுதப் பயன்பட்டதை யான் கண்டிருக்கின்றேன்.

ஆனால், ஆகாஷைக் காட்டி இற்றைக் கைக்கணினியைப் பழித்தல் நேர்மையாகாது. இன்றைய கைக்கணினி விரைவிலும் தெளிவிலும் அதனினும் பன்மடங்கு மேம்பட்டது. ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 சனவரியில் ஐபேடை அறிமுகஞ் செய்தபொழுது, கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் இடையே நிற்பதொரு கருவியாகவே அதனைக் காட்டினார். நாளடைவில் அஃது இடையே நிற்க மனங்கொள்ளவில்லை. 2012இல் மைக்ரோசாப்டின் சர்ஃபேஸ் மூடியையே விசைப்பலகையாகக் கொண்டு வந்தது. 2015இல் ஐபேடு புரோ விசைப்பலகையோடும் எழுதுகோலோடும் வந்தது. இவ்வுறுப்புக்கள் பெரும்பாலும் தனியே விலை கொடுத்து வாங்கற்பாலன. மடிக்கணினியைப் போல் ஆக முயலுந்தோறும் கைக்கணினியின் விலையும் எடையும் மடிக்கணினியை நோக்கி ஏறுகின்றன. அப்படியாயின் மடிக்கணினியையே வாங்கினால் என்னை என்னும் எண்ணம் எழுதல் இயல்பு.

இனி, கைக்கணினியின் சிறப்பை மறைப்பின் யான் வழக்கறிஞனாவேனேயன்றி மாணவனாகேன். ஆரணிக்கு அணித்தாகிய திருமலைக்குச் சென்றோர் அதனை நன்கறிவர். இராசராசனின் தமக்கை குந்தவைப் பிராட்டியின் பெயரால் வழங்கும் சமணக் கோயிலும், 16 அடி உயர நேமிநாதர் திருவுருவும் உள்ள மலை அது. இராசேந்திர சோழனது 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, வடக்கே வங்கம் வரை சென்ற அவன் படையின் வெற்றிகளை வரிசைப்படுத்தி, அங்கே பாறையில் இருக்கின்றது. ஹுல்ச் 1890இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதற்றொகுதியில் திருமலைக் கல்வெட்டுக்கள் இடம்பெற்றுள்ளன. பாறையின் முன் நின்று எழுத்துக் கூட்டிப் படிக்கும் மாணவனுக்கு மடியேது, மேசையேது? அவ்விடத்தே மடிக்கணினியைத் திறப்பவன் நகைப்புக்கே இடமாவான். கைக்கணினியோ பாறையைப் படம் பிடிக்கின்றது. படத்தைப் பெரிதாக்கி, வெயிலும் மழையும் தேய்த்த எழுத்தின்மேல் எழுதுகோலால் வரிவடிவத்தைத் தடவிப் பார்க்க இடந்தருகின்றது. ஹுல்ச்சின் பதிப்பை அருகே வைத்து ஒப்பிடவும் உதவுகின்றது. பழநூல்களைப் படிப்பதற்கும் அதுவே ஏற்றது. மதுரைத் திட்டத்தார் 1998 முதல் திரட்டிவரும் மின்னூல்களையும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலுள்ள பழம் பதிப்புக்களையும் கைக்கணினி ஏட்டைப் பிடிப்பதுபோற் பிடித்து முழுப்பக்கமாகக் காணலாம். மடிக்கணினியின் அகன்ற திரையில் பக்கத்தின் பாதி மேலே ஒளிந்துகொள்ளும்.

ஆயின் மலையிலிருந்து இறங்கிய பின்னரே மாணவன் வேலை தொடங்குகின்றது. கண்டதை நாற்பது பக்கக் கட்டுரையாக எழுதல் வேண்டும்; அடிக்குறிப்பு இடல் வேண்டும்; பாடவேறுபாடுகளை அட்டவணையாக்கல் வேண்டும்; ஆசிரியர் சிவப்பிட்டுத் திருப்பியதைப் பத்துமுறை மாற்றல் வேண்டும். இங்கே தமிழ் மாணவனுக்கு ஒரு தனியிடர் உண்டு. 1999இல் அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துக்கள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் விழுமாறு விசைகள் வகுக்கப்பெற்றுள்ளன. உயிரும் மெய்யும் புணர்ந்து உயிர்மெய்யாகும் நம் மொழியின் இயல்பே இரு கைகளின் மாறிமாறி ஓடும் நடையாகின்றது. பழகியவன் விசையை நோக்காமலே எண்ணத்தின் விரைவில் எழுதுவான். கண்ணாடியின்மேல் விரல் தடவி இடமறிய இயலாது. கண் ஒவ்வோரெழுத்துக்கும் கீழே இறங்கல் வேண்டும். அன்றியும், கைக்கணினியைக் கிடையாகப் பிடித்தால், அவ்விசைப்பலகை திரையிற் பாதியை விழுங்குகின்றது. எஞ்சிய பாதியில் நான்கைந்து வரிகளைக் கண்டு கொண்டு நீண்ட கட்டுரையின் போக்கை எங்ஙனம் ஆள்வது? குறுஞ்செய்தி எழுதுதற்கு அது போதும், நூலாராய்ச்சிக்குப் போதாது. இரு கட்டைவிரல்களாற் கைபேசியிலேயே பருவக் கட்டுரை முழுவதையும் எழுதி முடிக்கும் தோழர்கள் நம் வகுப்பிலேயே உளர். அவர்தம் பொறுமையை மெச்சுகின்றேன். அவர்க்கு அக்கைபேசியினும் சற்றுப் பெரிய கைபேசியொன்றைக் கொடுத்தல் உதவியாகாது.

எம் ஊராகிய ஆரணியின் தொழிலைக் கொண்டும் இதனை ஆராயலாம். பட்டுத்தறியின்மேல் ஏறியிருக்கும் ஜக்கார்டு பிரெஞ்சு நாட்டு லியோன் நகரில் 1804ஆம் ஆண்டளவில் உருவாயது. அட்டையில் துளையிருப்பின் இழை எழும்; இல்லையேல் எழாது. உண்டு, இல்லை என்னும் இவ்விரண்டாலே மயிலும் மாங்காயும் முந்தியிற் பூக்கின்றன. துளையட்டைமுறையே 1890இல் அமெரிக்க மக்கட்கணக்கெடுப்பில் ஹொலரித்தின் பொறியிலும் பயன்பட்டது. ஆதலின், கணினியின் மூதாதையரோடு நெசவாளர்க்கு உறவு பழையது என்று சிறிது பெருமை கொள்ளலாம்! நெய்த புடவையைத் தொலைவிலுள்ள வணிகர்க்குக் காட்டவும், விலை பேசவும், பணம் வந்ததா என நோக்கவும் கைக்கணினி வேண்டுமளவினும் மிகுதி; கைபேசியே போதும். புட்டாவையும் கரையையும் இழைக்கொரு கட்டமாகக் கணினியில் வரைந்து, அட்டை குத்தும்படியாக ஆக்கித் தருவோர்க்கோ அகன்ற திரையும், விசைகளும், சுட்டெலியும், அதற்கென அமைந்த மென்பொருளும் வேண்டும். கைக்கணினியில் எழுதுகோல் கொண்டு ஓவியந் தீட்டும் வல்லோர் உளரே எனின், உளர். மயிலை முதன்முதல் வரையும் கைக்கு அது மிக இனிது. அம்மயிலை ஆயிரக்கணக்கான கட்டங்களாகப் பகுத்து இழையெண்ணோடு பொருத்தும் வேலை வேறு.

பழுது பற்றியும் ஒரு சொல். மடிக்கணினியின் விசையோ மின்கலமோ கெட்டால், திருகாணி கழற்றி மாற்றித் தரும் கடை சிற்றூர்ப் பேருந்து நிலையத்தருகேயும் உண்டு. கைக்கணினி பெரும்பாலும் பசையிட்டு ஒட்டப்பெற்றது; கண்ணாடி உடைந்தால் மாற்றும் செலவு கேட்டே பலர் அதனைப் பெட்டியில் இட்டு மூடிவிடுகின்றனர். நான்காண்டு படிப்பவனின் தங்கையும் பின்னர் அதனைக்கொண்டே படிக்கவேண்டிய வீடுகளில் இது சிறு செய்தியன்று.

எனினும் தெரிவை இழந்தோர்க்குள் இருவகையினர் பொருட்டு யானும் வருந்துகின்றேன். கண்பார்வை குன்றியவர், திரையை முகத்தருகே கொணர்ந்து எழுத்தைப் பெருக்கிப் படிப்பதற்குக் கைக்கணினியையே நாடுவர். நாடோறும் நெரிந்த பேருந்தில் நின்றே வருவோர்க்கு ஒன்றரைக் கிலோ எடையும் சுமையே. இவர்க்கேனும் விருப்பப்படி பெறும் வழி இருத்தல் தகும். நம் கல்லூரியளவில் வேறொன்று செய்யலாம். நூலகத்தார் ஏழெட்டுக் கைக்கணினிகளை எழுதுகோலுடன் வாங்கி, நூல்களைப் போலவே இரவல் தருவாராயின், திருமலைக்குச் செல்லும் வகுப்பு காலையிற் பெற்று மாலையில் திருப்பித் தரும்; பழம் பதிப்புப் படிப்போர் ஒரு கிழமை வைத்திருப்பர். இதனை அடுத்த நூலகக் குழுவின் கூட்டத்தில் வைக்குமாறு மாணவர் மன்றச் செயலரை இவ்விதழின் வாயிலாக வேண்டிக்கொள்கின்றேன்.