பிரீமியம் இனத்துக்கு, விலக்கும் இனத்துக்கா?

ஆறு மாத லாப்ரடார் குட்டி பின்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. கால்நடை மருத்துவர் இடது இடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மருத்துவக் குறிப்பில் ஒரு வரி எழுதுகிறார். அதற்குப் பிறகுதான் காப்பீடு எடுக்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்து இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சைக்கு இழப்பீடு கேட்டால், அந்த ஒற்றை வரி வந்து குறுக்கே நிற்கும். நோய் வலது இடுப்பில் என்றாலும் தப்ப முடியாது. ஒரு பக்கம் முன்பே பழுதென்றால் மறுபக்கத்துக்கும் பணம் இல்லை என்ற விதி அமெரிக்கப் பாலிசிகள் பலவற்றில் உண்டு.

இதிலாவது ஒரு நியாயம் இருக்கிறது. நொண்டல் கண்ணுக்குத் தெரிந்தது. எந்த அறிகுறியும் இல்லாத குட்டிக்கும் ‘பரம்பரை நோய்’ என்று சொல்லி மொத்தமாகக் கைவிரிப்பதுதான் இடிக்கிறது. மரபணுவில் வாய்ப்பு இருப்பதாலேயே நோய் வந்துவிடுவதில்லை. தீனி, எடை, வளரும் வேகம் எல்லாம் சேர்ந்துதான் இடுப்பு மூட்டைத் தீர்மானிக்கின்றன. அந்த நிச்சயமின்மைக்குத்தானே காப்பீடு? போதாக்குறைக்கு, பிரீமியத்தைக் கணக்கிடும்போதே இனத்தைப் பார்க்கிறார்கள். இனத்தைக் காட்டிக் கூடுதலாக வசூலித்துவிட்டு, அந்த இனத்துக்கே உரிய நோயை விலக்கினால், வாங்கிய கூடுதல் பணம் எதற்கு?

கலிஃபோர்னியா 2014-இல் இயற்றிய சட்டம், இத்தகைய விலக்குகளை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்கிறது. விலக்கக் கூடாது என்று சொல்லவில்லை. மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் சங்கம் 2022-இல் தந்த மாதிரிச் சட்டம் ஒரு படி மேலே போனது. நோய் முன்பே இருந்தது என்று சொல்லி நிறுவனம் பணம் மறுத்தால், அதை நிறுவனமே நிரூபிக்க வேண்டும்.

நிறுவனங்கள் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்தால், நோயுள்ள ஜோடிகளை இணைத்துக் குட்டி விற்பவர் லாபத்தோடு போய்விடுவார்; சுமை மற்ற பாலிசிதாரர்கள் தலையில் விழும். உண்மைதான், இனப்பெருக்கத்திலேயே கோளாறு இருக்கிறது. நார்வே உச்ச நீதிமன்றம் 2023-இல் கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் நாய்களை இப்போதைய முறையில் இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு முரண் என்றே தீர்ப்பளித்தது. ஆனால் அதற்கு விலக்கு தீர்வல்ல. நாய்களின் இடுப்பு எக்ஸ்ரேயைப் பார்த்துத் தரம் சொல்லும் அமைப்பு அமெரிக்காவில் 1966 முதலே இருக்கிறது. தாய், தந்தை இரண்டுக்கும் அந்தச் சான்று உள்ள குட்டிக்கு நிறுவனங்கள் பிரீமியத்தைக் குறைக்கட்டும். சான்றில்லாத குட்டியை வளர்ப்பகக்காரர் என்ன விலைக்கு விற்கிறார் என்று அப்போது பார்க்கலாம்.