சிக்லாப் மண்ணும் எடோ வண்ணமும்

பிடோக்கில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலைதோறும் வந்து உட்காரும் பெரியவர் ஒருவர் உண்டு. 2021ஆம் ஆண்டு ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் எடோ கால ஜப்பானின் அச்சு ஓவியங்களைக் காட்சிக்கு வைத்திருந்தபோது, "வாங்க தாத்தா, போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்று கூப்பிட்டேன். "நீ போயிட்டு வாப்பா. எங்கப்பாவ சயாம் ரயிலுக்குப் புடிச்சிட்டுப் போனவன் ஊரு படத்த நான் எதுக்குப் பாக்கணும்?" என்றார். குரலில் கோபம் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போலத்தான் சொன்னார். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு ரயிலேறி ராஃபிள்ஸ் பிளேஸ் வரை வந்தது.

அவர் கேள்விக்கு எங்கள் வட்டாரத்து மண்ணே சாட்சி. இன்றைய பிடோக் வட்டாரத்துக்குள் அடங்கிய சிக்லாப்பில், 1962ஆம் ஆண்டு, மண்ணுக்கடியிலிருந்து மனித எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. 1942 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஜப்பானியப் படை தேடிப் பிடித்துக் கொன்ற சீன ஆண்களின் எலும்புகள் அவை. அதற்கு ஈடாக 1966இல் ஜப்பான் 5 கோடி வெள்ளி தர ஒப்புக்கொண்டது. அதில் பாதி நன்கொடை, பாதி கடன். 1967 பிப்ரவரி 15ஆம் நாள் பீச் ரோட்டில் மாண்டவர்களுக்காக நான்கு தூண்களுடன் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. ஆறே ஆண்டுகள் கழித்து, 1973இல், ஜூரோங்கில் ஜப்பானியத் தோட்டம் திறக்கப்பட்டது. காயம் முழுதாக ஆறுமுன்பே கல்விளக்கும் குளமும் வந்துவிட்டன.

தமிழருக்கு இந்தக் கணக்கு இன்னும் சிக்கலானது. ஜப்பானியரின் துணையோடு நேதாஜி இங்கே தலைமையேற்ற இந்திய தேசியப் படையில் நம் தோட்டத்துத் தமிழர் ஏராளமாகச் சேர்ந்தார்கள். அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர்கள் காலராவிலும் பசியிலும் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் படைக்கும் தம்பி பாதைக்கும் போயிருக்கலாம். ஜப்பான் என்ற சொல் நம் குடும்பங்களில் ஒரே பொருளில் ஒலித்ததில்லை.

சிங்கப்பூரின் பழைய அரும்பொருளகத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. ஸ்டாம்ஃபர்ட் சாலையில் இன்று தேசிய அரும்பொருளகம் இருக்கும் கட்டடம்தான் அன்றைய ராஃபிள்ஸ் அரும்பொருளகம். சிங்கப்பூர் வீழ்ந்து சியோனான் ஆனதும் அதுவும் சியோனான் அரும்பொருளகம் ஆயிற்று. ஜப்பானியப் பேராசிரியர் தனகாடதே ஹிதேசோவும், தாவரவியல் பூங்காவின் ஆங்கிலேய அறிஞர் கார்னரும் சேர்ந்து அங்கிருந்த சேகரங்களைக் கொள்ளை போகாமல் காத்தார்கள். பிறகு தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் கோமகன் தோக்குகாவா யோஷிச்சிகா. எடோ காலம் முழுதும், 1603 முதல் 1868 வரை, ஜப்பானை ஆண்ட தோக்குகாவா குலத்தின் ஒரு கிளைக்கு அவர் தலைவர். நகோயாவில் 1935இல் திறக்கப்பட்ட தோக்குகாவா கலைக்கூடத்தின் நிறுவனர். 12ஆம் நூற்றாண்டின் 'கெஞ்சி' கதை ஓவியச் சுருளின் பகுதிகளை இன்றும் காத்துவரும் இடம் அது. சிக்லாப்பில் குழிகள் மூடப்பட்ட அதே ஆண்டில், அந்தக் கலைக்கூடத்தை உண்டாக்கியவர் நம் நகரத்தின் அரும்பொருள்களுக்குக் காவலாக அமர்ந்தார். கலையை நேசிப்பவரின் நாடு கொடுமை செய்யாது என்ற நம்பிக்கையை இந்த ஒரு செய்தி உடைத்துவிடுகிறது. கொடுமை நடந்த ஊரிலும் காக்க வேண்டியதைக் காத்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் அதுவே சொல்கிறது.

இனி கண்காட்சியில் பார்த்த அச்சு ஓவியங்களுக்கு வருகிறேன். ஓவியர் வரைந்து தந்த கோடுகளை ஒருவர் செர்ரி மரப்பலகையில் செதுக்குவார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிப் பலகை. அச்சிடுபவர் முசுக்கொட்டை இனச் செடியின் பட்டையில் செய்த தாளைப் பலகைமேல் வைத்து, வட்டமான தேய்ப்பானால் தேய்த்து எடுப்பார். பலகையின் மூலையில் வெட்டிய சிறு அடையாளத்தில் தாளைப் பொருத்துவதால், பத்து முறை அச்சிட்டாலும் வண்ணம் மயிரிழை பிசகாது. வெளிச்சம் பட்டால் இவ்வண்ணங்கள் வெளுத்துவிடும். அதனால்தான் இத்தகைய கூடங்களில் விளக்கை மங்கலாக வைக்கிறார்கள்.

அந்த மங்கிய வெளிச்சத்தில் எடோ மக்களின் உடைகளில் ஓடும் மெல்லிய நெடுங்கோடுகளைப் பார்த்தபோது எனக்கு மயிலாப்பூர் நினைவு வந்தது. நீலப் பருத்தியில் கோடு ஓடும் ஒருவகைத் துணிக்கு ஜப்பானியர் இட்ட பெயர் 'சன்தொமெ'. மயிலாப்பூர்க் கரையிலுள்ள சாந்தோமுக்குப் போர்த்துகீசியர் வைத்த பெயரிலிருந்து வந்த சொல் அது. சோழமண்டலக் கரையில் நெய்த துணி கப்பலேறி நாகசாகி சென்றது. பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள்தான் 1641 முதல் நாகசாகியின் தெஷிமா தீவிலும் கடை வைத்திருந்தார்கள். பின்னாளில் ஜப்பானியர் தாமே அத்துணியை நெய்யக் கற்றார்கள். ஆனாலும் பெயர் மாறவில்லை.

கடவுளரும் கடல் கடந்திருக்கிறார்கள். புத்தாண்டில் நல்ல கனவு வர வேண்டித் தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளும் மலிவு விலை அச்சுப்படங்களில் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்கள் ஒரே கப்பலில் வருவார்கள். அவர்களில் வீணை போன்றதொரு கருவியை மடியில் ஏந்திய பென்சைதென், நம் சரஸ்வதி. பிஷமோன்தென், குபேரன். வாசலில் வாங்கிய படத்தில் இருப்பது யாரென்று எடோவின் மீன்காரருக்குத் தெரிந்திருக்காது. நமக்குத் தெரியும். ஆகவே இந்தப் படங்கள் நமக்கு முழுதும் அந்நியமல்ல.

இதைச் சொல்வதால் பெரியவரின் கேள்வி தீர்ந்துவிடாது. சாந்தோம் துணி சயாம் பாதையை மூடி மறைக்கக் கூடாது. ஆனால் நம் நகரம் இரண்டையும் வெவ்வேறு வீடுகளில் வைத்திருக்கிறது. அழகு ஆற்றங்கரையில், போர் புக்கிட் தீமாவின் பழைய ஃபோர்டு தொழிற்சாலையில். ஒன்றைப் பார்ப்பவர் மற்றதை மறந்துவிடலாம். ஆனால் எம்பிரஸ் பிளேஸில் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது ராஃபிள்ஸ் சிலை. ஜப்பானியர் காலத்தில் அதையும் கழற்றி சியோனான் அரும்பொருளகத்தில்தான் வைத்திருந்தார்கள். சில அடி தூரத்தில் இரு வரலாறுகளும் நிற்கின்றன.

ஒரு நாட்டின் கலையைப் பார்ப்பது அந்நாட்டை மன்னிப்பதாகாது. பார்க்க மறுப்பதும் இறந்தவர்க்குச் செய்யும் அஞ்சலியாகிவிடாது. இரண்டையும் ஒரே கூரையின்கீழ் நிறுத்தி நம்மைச் சிந்திக்க வைப்பதே அரும்பொருளகத்தின் வேலை. இனி இந்நகரில் ஜப்பானியக் கலை எப்போது காட்சிக்கு வந்தாலும், சியோனான் அரும்பொருளகத்தின் கதைக்கு ஒரு சுவரும், சோழமண்டலத் துணிக்கு ஒரு பெட்டியும் ஒதுக்க வேண்டும். அவற்றின் விளக்கம் தமிழிலும் இருக்க வேண்டும்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. சயாம் போனவரின் படமோ கடிதமோ பெயரோ உங்கள் வீட்டில் இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அரும்பொருளகத்தாரிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். எங்கள் புளோக் தாத்தா கண்காட்சிக்கு வராமல் போகலாம். அது அவர் உரிமை. அவருடைய அப்பாவின் கதை அங்கே வந்தாக வேண்டும்.