கட்டிப்போடுவது விசுவாசமல்ல

தியானப் பகுதி: அப்போஸ்தலருடைய நடபடிகள் 20:7–12



அண்மையில் மந்தைவெளியில் ஒரு வீட்டிற்கு ஜெபிக்க அழைக்கப்பட்டேன். அவ்வீட்டில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். சில இரவுகளில் அவன் கண் திறந்தபடியே எழுந்து, தாழ்ப்பாளை நீக்கி, மாடிப்படிகளில் இறங்கிவிடுகிறான். பெயர் சொல்லி அழைத்தாலும் பதிலில்லை. காலையில் கேட்டால் நினைவில்லை. "ஐயா, பிள்ளைமேல் ஏதோ இறங்கியிருக்கிறது" என்றார் பாட்டியார். அவன் கணுக்காலில் சிவந்த தடம் ஒன்று தெரிந்தது. நான்கு இரவுகளாகத் தாயின் பழைய சேலையால் அவனைக் கட்டிலோடு பிணைத்திருந்தார்கள். எனக்கு முன் ஜெபிக்க வந்தவர் அவனை உலுக்கி எழுப்பி, உரத்த சத்தமாய்ப் பிசாசை அதட்டினாராம். இப்பொழுது அந்தப் பிள்ளை படுக்கவே அஞ்சுகிறான்.

இதை விசுவாசம் என்று அழைக்க நான் மறுக்கிறேன். இது அறியாமை, அதற்கு நாம் வேதத்தின் போர்வையைப் போர்த்தியிருக்கிறோம்.

துரோவா பட்டணத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பவுல் நடுராத்திரிமட்டும் பிரசங்கித்தார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு ஆழ்ந்த நித்திரையில் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். தேவவசனத்தின் நடுவே உறங்கியவனைப் பவுல் கடிந்துகொள்ளவில்லை. தூக்க ஆவி என்று எதையும் துரத்தவுமில்லை. இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார். உறக்கத்தில் அபாயத்துக்குள்ளானவனை நாம் நடத்தவேண்டிய விதம் அதுவே.

"அப்படியானால் அசுத்த ஆவிகளைப்பற்றி வேதம் சொல்வதை மறுக்கிறீரோ?" என்று சிலர் கேட்கலாம். மறுக்கவில்லை. ஆனால் சரீரத்தின் பலவீனம் ஒவ்வொன்றுக்கும் பிசாசின் பெயரைச் சூட்ட எந்த வசனமும் நமக்கு அதிகாரம் தரவில்லை. தூக்கத்தில் நடப்பது, உறங்கத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில், மிக ஆழ்ந்த தூக்கத்தில் நிகழ்வது. சரீரத்தை இயக்கும் மூளைப்பகுதி பாதி விழித்துக்கொள்ள, சிந்தனையும் நினைவும் உறங்கிக்கொண்டே இருக்கின்றன. சிறுபிள்ளைகளிடம் இது சாதாரணம், குடும்பவழியாகவும் வருவதுண்டு, பெரும்பாலோர் வளரும்போது தானே நின்றுவிடும். தூக்கக்குறைவு, காய்ச்சல், மனக்கலக்கம், சில தூக்க மாத்திரைகள் ஆகியவை இதைத் தூண்டும். இதில் பாவம் எங்கே? மனந்திரும்பும்படி யாரை அழைப்பீர்கள்?

கட்டுவதன் முடிவு என்ன என்பதை நம் மாநிலம் கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்கள் மனநோயாளிகள், தூக்கத்தில் நடப்பவர் மனநோயாளி அல்லர். ஆயினும் கட்டின கைகளின் எண்ணம் ஒன்றே: "அவருடைய நன்மைக்காகத்தான்." அது வேறு மதத்தாரின் ஊர் என்று விரல் நீட்டாதிருங்கள். நம் ஜெபவீடுகளிலும் கட்டும் கயிறுகள் உண்டு. மனநோயாளிகளை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. சட்டம் விலக்கியதைச் சபை செய்யலாமோ?

ஆகவே, பிள்ளையைக் கட்டாதீர்கள், கதவைக் கட்டுங்கள். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் நம்மில் அநேகர் அடுக்குமாடிகளில் குடியிருக்கிறோம். நமக்கு அபாயம் மொட்டைமாடிக் கதவும், பால்கனியும், படிக்கட்டும்தான். இரவில் அவற்றைப் பூட்டுங்கள். வாசற்கதவில் ஒரு சிறு மணியைத் தொங்கவிடுங்கள். ஆனால் தீ விபத்து நேர்ந்தால் பெரியவர்கள் உடனே திறக்கும்படி சாவி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சமையல் எரிவாயுவை மூடிவையுங்கள். கத்திகளையும் வண்டிச் சாவியையும் மறைத்துவையுங்கள். பிள்ளையைத் தரையிலோ தாழ்ந்த கட்டிலிலோ படுக்கவையுங்கள். அவன் எழுந்து நடந்தால் உலுக்காமல், கத்தாமல், மெல்லிய குரலில் பேசி, படுக்கைக்குத் திருப்பி நடத்துங்கள். எழுப்பினால் உயிர் போய்விடும் என்பது கட்டுக்கதை. ஆனால் திடீரென எழுப்பினால் அவன் மிரண்டு தள்ளவோ அடிக்கவோ கூடும்.

அடிக்கடி நேர்ந்தாலும், காயம் உண்டானாலும், கைகால் வெட்டி இழுத்தாலும், பெரியவர் ஒருவருக்குப் புதிதாய்த் தொடங்கினாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். வலிப்புநோயோ உறக்கத்தில் மூச்சுத் தடையோ மறைந்திருக்கலாம். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை நமக்குத் தூரமல்ல. ஜெபித்துவிட்டுச் செல்லுங்கள், ஜெபித்துவிட்டோம் என்று செல்லாதிருக்கவேண்டாம்.

கடைசியாக என்னையே குற்றப்படுத்துகிறேன். முழு இரவு ஜெபத்திற்குச் சிறுபிள்ளைகளையும் அழைத்துவரும்படி வற்புறுத்தியவன் நான். விடியுமுன் டியூஷனுக்கு ஓடும் பிள்ளையின் மிச்சத் தூக்கத்தையும் பறித்துவிட்டு, அவன் உறக்கத்தில் நடந்தால் பிசாசைப் பழிப்பது நேர்மையல்ல. இம்மாதம் முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்கள் ஒன்பது மணிக்குள் வீடு திரும்பட்டும்.

அந்தச் சேலையை அன்றிரவே அவிழ்த்தோம். தாயார் அதை மடித்து அவன் தலைக்கடியில் வைத்தார்.

உறங்காமல் நம்மைக் காக்கிற கர்த்தாவே, உறங்கும் எங்கள் பிள்ளைகளை எங்கள் பயத்தினின்றும் காத்தருளும். ஆமென்.