சொல்லாமல் விழுங்கிய குளிசை

சென்ற மாதம் பாலையூற்றுக்குப் போயிருந்தேன். துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற பழைய நண்பர் ஒருவர் கிணற்றடியில் மயங்கி விழுந்து எழும்பியிருந்தார். வெயில் என்றார் மனைவி. பிரஷர் குறைந்துவிட்டது என்றார் மகன். இருவரும் உள்ளே போன பின்னரே நண்பர் வாய் திறந்தார். வயிற்றுப்புண்ணுக்கு வைத்தியர் கொடுத்த கிளாரித்ரோமைசினோடு, கடையொன்றில் துண்டு எதுவுமின்றி வாங்கிய 100 மி.கி. சில்டெனாபிலையும் விழுங்கியிருக்கிறார். வயாகரா என்றால் வாசகர்களுக்கு உடனே விளங்கும். பத்திரிகைத்தாள் உறையில் பெயர்கூட எழுதாமல் கொடுத்தார்களாம். எங்கள் பத்திரிகைத்தாளாக இருக்கக்கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

மயக்கத்துக்கு அதுதான் காரணம் என்று நான் தீர்ப்பளிக்க இயலாது. ஆயினும் இந்தச் சேர்க்கை சந்தேகத்துக்குரியதே. சில்டெனாபிலைச் சிதைத்து அகற்றுவது பெரும்பாலும் ஈரலிலுள்ள ஒரு நொதியம். கிளாரித்ரோமைசினும் எரித்ரோமைசினும் அந்த நொதியத்தை முடக்குவதால் மருந்து குருதியிலேயே தேங்குகிறது. எரித்ரோமைசின் 500 மி.கி. நாளுக்கு இருதடவை ஐந்து நாள் எடுத்தவர்களின் குருதியில் சில்டெனாபில் 182 வீதம் கூடியதாக அம்மருந்தின் குறிப்பேடே கூறுகிறது. ஒரு குளிசை ஏறத்தாழ மூன்றாகிவிடுகிறது. அதனாலேயே இத்தகையோர் 25 மி.கி. அளவில் தொடங்கவேண்டும் என்கிறார்கள். அதே குடும்பத்து அசித்ரோமைசினுக்கு இந்தக் குணமில்லை.

காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் நேரெதிர். நொதியத்தை முடுக்கிவிட்டு, டடலாபிலின் அளவை 88 வீதம் குறைத்துவிடும். பலனில்லையே என்று ஒருவர் இரண்டு மூன்றாக விழுங்கத் தொடங்கினால் என்னாவது? நெஞ்சுநோவுக்கு நைத்திரேற்றுக் குளிசை எடுப்பவர்களோ இந்தப் பக்கமே தலைவைக்கக்கூடாது. குருதி அமுக்கம் சரிந்து உயிரே போகலாம்.

அன்டிபயோட்டிக்கும் சரி, இந்தக் குளிசையும் சரி, வைத்தியரின் துண்டுக்கே கொடுக்கப்படவேண்டியவை. கடைக்காரரைக் குறைகூறுவது எளிது. வேறென்ன மருந்து எடுக்கிறீர் என்று வைத்தியர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் மருமகள் பக்கத்தில் நிற்க நண்பர் சொல்லியிருப்பாரா?

என் பங்கும் உண்டு. 1998 மார்ச்சில் அமெரிக்கா வயாகராவை அனுமதித்தபின், எங்கள் வைத்தியர் கேள்வி பதில் பகுதிக்கு இதுபற்றி ஒரு கடிதம் வந்தது. வைத்தியர் நேர்மையாகப் பதில் எழுதியிருந்தார். குடும்பங்கள் படிக்கும் பத்திரிகை என்று சொல்லி நான்தான் அதை வெட்டினேன். அரசியல்வாதிகளின் வசைகளை முதற்பக்கத்தில் போட்ட கை அது.

புறப்படும்போது நண்பர் படலை வரை வந்தார். "அடுத்த கிளினிக்குக்கு நீரும் வாரும். நீர் பக்கத்தில் இருந்தால் சொல்லிப்போடுவன்" என்றார். வியாழக்கிழமை போகிறோம். மருமகளை வரவேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.