உம்மாவின் நூல் சேலைகள்

உம்மா மௌத்தாகி நான்கு மாதம் கழித்துத்தான் அவரது அலுமாரியைத் திறந்தோம். பட்டுச் சேலைகளைப் பங்கிடுவதில் பிரச்சினை இருக்கவில்லை. வீட்டில் உடுத்திய நூல் சேலைகள்தான் எங்களைத் திகைக்க வைத்தன. ஓரம் கிழிந்து, சாயம் போய், அடுப்படியிலேயே பழசானவை. ஏழைகளுக்குக் கொடுக்கும் தரத்தில் அவை இல்லை. நிலம் துடைக்க மனம் வரவில்லை. சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மூட்டை கிடக்கக்கூடும்.

அப்போதுதான் சித்திப் பெண்களைப் பற்றி வாசித்தது ஞாபகம் வந்தது. நம் பெண் பிள்ளைகளின் பெயரில் வரும் ‘சித்தி’ அல்ல. இந்தியாவின் கர்நாடக மாநிலத்தில், எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துக் காட்டூர்களில் வாழும் ஆபிரிக்க வம்சாவழியினர். போர்த்துக்கேயர் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களில் தப்பியோடியவர்களின் சந்ததி என்பார்கள். (நமது புத்தளம் சிறாம்பியடியிலும் ஆபிரிக்க வம்சாவழிக் குடும்பங்கள் உண்டு.) அவர்களில் முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் ‘கவந்தி’ இருக்கும்.

கவந்தி என்பது பழந்துணியில் தைக்கும் ஒட்டுப் போர்வை. அடியில் ஒரு பழைய சேலையை விரிப்பார்கள். ஒரு மூலையில் தொடங்கி, துண்டுகளின் ஓரத்தை மடித்து வைத்து, ஓட்டுத் தையலால் விளிம்பைச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். மெஷின் கிடையாது, கை ஊசிதான். தொட்டில் பிள்ளைக்குச் சின்னது, குடும்பத்துக்குப் பெரியது. முடிவில் நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து ‘பூ’ வைக்க வேண்டும். பூ இல்லாத கவந்தி நிர்வாணமானது என்பது அவர்கள் பேச்சு. கந்தலில் தைத்தாலும் அந்தப் பூவை விடமாட்டார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2011இல் இவற்றை நியூயோர்க்கில் கண்காட்சியாகவும் வைத்தார்கள். எனக்கென்னவோ தொட்டிலில் கிடப்பதே அழகு.

“உம்மாவின் சேலையில் கத்தரி வைப்பதா?” என்று மூத்த தாத்தா அழுதுவிட்டார். இரண்டு நாள் எங்களோடு பேசவுமில்லை. அலுமாரியில் வைத்தால் பூச்சி அரித்துவிடும் என்று சின்னத் தாத்தா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் மூத்தவரே கத்தரியை வாங்கினார்.

இடுப்பில் உரசிய பகுதி இற்றுப்போயிருந்தது. கொசுவத்தின் உள்மடிப்பும் கரைப் பக்கமும் உறுதியாக இருந்தன. அவற்றையே வெட்டினோம். மஞ்சள் கறை படிந்த ஒரு முந்தானைத் துண்டை நான் ஒதுக்கி வைத்தேன். தாத்தா அதை எடுத்து நடுவில் வைத்துத் தைத்தார்.

மூன்று பூ முடிந்தது. நான்காவதைத் தைக்கத் தாத்தாவின் மகள் கேட்டிருக்கிறாள். அவளுக்கு இது ஏழாம் மாதம்.