காலி இடங்கள் பெருகியும் இறங்காத கட்டணம்: பல் மருத்துவக் கல்வியின் முரண்பாடு

புது தில்லி: வாங்குவோர் இல்லாமல் தேங்கும் சரக்கின் விலை இறங்குவதே சந்தையின் இயல்பு. நம் நாட்டின் பல் மருத்துவக் கல்வி மட்டும் இதற்கு விலக்காக நிற்கிறது. தனியார் கல்லூரிகளில் பி.டி.எஸ். இடங்கள் நிரம்பாமல் கிடந்தாலும் கட்டணம் இறங்குவதில்லை. மாறாக, இடங்களை நிரப்புவதற்காகத் தகுதி மதிப்பெண்தான் இறக்கப்படுகிறது.

உச்ச நீதிமன்றத்தின் அறிவுரை

2020-21 கல்வியாண்டில் ஏறத்தாழ 7,000 பி.டி.எஸ். இடங்கள் காலியாக இருந்தன. நீட் தகுதி வரம்பைக் குறைக்குமாறு இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் பரிந்துரைத்தது. நாட்டில் பல் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை என்று கூறி மத்திய அரசு அதை ஏற்க மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது. 2021 பிப்ரவரி 8 அன்று வரம்பை 10 பெர்சென்டைல் குறைக்க உத்தரவிட்ட நீதிமன்றம், மாணவர்கள் சேர்வதை ஊக்குவிக்கும் வகையில் கட்டணத்தைக் குறைப்பது பற்றித் தனியார் கல்லூரி நிர்வாகங்கள் பரிசீலிக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

பொதுப் பிரிவினருக்கு 50 ஆக இருந்த பெர்சென்டைல் வரம்பு 40 ஆனது. அது கட்டளை, கட்டணக் குறைப்போ வெறும் அறிவுரை. கட்டளை உடனே நிறைவேறியது.

வளர்ச்சியின் திசை

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-இல் கொல்கத்தாவில் ரஃபியுதீன் அகமது நிறுவினார். 1948-இல் பல் மருத்துவர்கள் சட்டம் வந்தது. இன்று நாட்டில் 300-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. அவற்றில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை தனியாருடையவை. எந்த மாவட்டத்து மக்களுக்குப் பல் மருத்துவர் தேவை என்ற கணக்கு இந்த வளர்ச்சியை வழிநடத்தவில்லை. கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பங்கள் எங்கு உள்ளன என்ற கணக்கே வழிநடத்தியது. கல்லூரிகள் தென் மாநிலங்களிலும் மகாராஷ்டிரத்திலும் அடர்ந்து நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

கட்டணம் ஏன் இறங்குவதில்லை?

பல் மருத்துவக் கல்லூரி நடத்துவது செலவு மிகுந்த பணி என்பதை மறுப்பதற்கில்லை. சிகிச்சை நாற்காலிகள், ஆய்வகங்கள், புறநோயாளிப் பிரிவு, துறைதோறும் ஆசிரியர்கள் என்று விதிகள் வகுத்துள்ள அனைத்தும் நூறு மாணவர்கள் சேர்ந்தாலும் ஐம்பது பேர் சேர்ந்தாலும் இருந்தாக வேண்டும். இடங்கள் காலியானால், மாணவர் ஒருவர்மீது விழும் செலவுச் சுமை கூடுகிறது. மாநிலக் கட்டண நிர்ணயக் குழுக்களும் கல்லூரி காட்டும் செலவுக் கணக்கையே அடிப்படையாகக் கொள்கின்றன. ஆகவே காலி இடம், கட்டணத்தைக் குறைப்பதற்கான காரணமாகாமல், உயர்த்துவதற்கான வாதமாகவே மாறிவிடுகிறது.

சட்டத்தில் குறையில்லை. கல்வி நிறுவனங்கள் நியாயமான உபரி ஈட்டலாம், ஆனால் கொள்ளை லாபமும் கட்டாய நன்கொடையும் கூடாது என்று 2002-இல் டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. மத்தியப் பிரதேச அரசின் 2007-ஆம் ஆண்டு கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தை எதிர்த்த வழக்கில், 2016 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு மாநிலத்தின் அதிகாரத்தை உறுதி செய்தது. அவ்வழக்கைத் தொடுத்ததே ஒரு பல் மருத்துவக் கல்லூரிதான். எனினும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மாநிலக் குழுக்களின் பிடிக்கு வெளியே நிற்கின்றன. விடுதி, உபகரணம், தேர்வு, இதர கட்டணம் என்ற பெயர்களில் வசூலாகும் தொகையும் முறையான கணக்குக்குள் எளிதில் வருவதில்லை.

கடனின் கணக்கு

ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகளுக்குக் கட்டணம், விடுதிச் செலவுகள் சேர்த்து ஒரு குடும்பம் 20 லட்சம் ரூபாய் கடன் பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீத வட்டியில் பத்து ஆண்டுகளில் திருப்பிச் செலுத்த, மாதத் தவணை ஏறத்தாழ 26,400 ரூபாய் ஆகும். படிப்புக் காலத்தில் சேரும் வட்டி இதில் அடங்காது. அரசின் கல்விக்கடன் உத்தரவாதத் திட்டத்தின் உச்சவரம்பு 7.5 லட்சம் ரூபாய்தான். மீதிக்கு வீட்டையோ நிலத்தையோ ஈடாக வைக்க நேரிடும்.

அரசுப் பணியிடங்கள் குறைவு. சொந்த மருத்துவமனை தொடங்க நாற்காலி, எக்ஸ்ரே கருவி, வாடகை என்று மீண்டும் முதலீடு வேண்டும். தவணைச் சுமையுள்ள இளம் மருத்துவர் வருமானம் நிச்சயமற்ற சிற்றூருக்குச் செல்லத் தயங்குவது இயல்பே. நகரத்தில் தெருவுக்கொரு பல் மருத்துவமனையும், கிராமத்தில் பல்வலிக்குப் பேருந்து ஏறும் நோயாளியும் ஒரே கொள்கையின் இரு விளைவுகள்.

புதிய சட்டத்தின் சோதனை

2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம், பழைய கவுன்சிலுக்குப் பதிலாக ஆணையம் ஒன்றை அமைக்க வழிசெய்கிறது. தொழில் உரிமத்துக்கான தேசியத் தேர்வும் கல்லூரிகளின் தர மதிப்பீடும் அதில் இடம்பெற்றுள்ளன. தனியார் கல்லூரிகள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் 50 சதவீத இடங்களுக்கான கட்டணம் குறித்து ஆணையம் வழிகாட்டு நெறிகள் வகுக்கலாம்.

மருத்துவக் கல்வியில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 50 சதவீத இடங்களுக்கு அந்தந்த மாநில அரசுக் கல்லூரிக் கட்டணத்தையே வசூலிக்க வேண்டும் என்று 2022 பிப்ரவரியில் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டியது. அது நீதிமன்றங்களில் எதிர்ப்பைச் சந்தித்தது. பாதி இடங்களில் இழந்ததை மறுபாதி மாணவர்களிடம் வசூலிக்கும் அபாயமும் இருக்கிறது.

எனவே, பெயர்ப்பலகை மாறுவதால் மட்டும் பயனில்லை. எல்லா இடங்களுக்கும், எல்லாப் பெயர்களிலும் வசூலிக்கப்படும் தொகையைக் கலந்தாய்வுக்கு முன்பே வெளியிடச் செய்ய வேண்டும். ஆண்டுக்கணக்கில் இடங்கள் நிரம்பாத கல்லூரிகளில் தகுதி வரம்பைக் குறைப்பதற்கு முன் கட்டணத்தையோ இடங்களின் எண்ணிக்கையையோ குறைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல் மருத்துவர் பணியிடங்களைப் பெருக்குவது அரசின் பொறுப்பு. மதிப்பெண்ணைக் குறைக்க ஓர் உத்தரவு போதுமானதாக இருந்தது. கட்டணத்தைக் குறைக்க அதே உறுதி தேவை.